கேட்காமல் அடித்த கூடாரம்

கொல்லிமலையில் ஒரு மூதாட்டியின் சாமைக் கொல்லையில், யாரையும் கேட்காமல் நான் டென்ட் அடித்தேன். பயிர் இருப்பது தெரிந்தே அடித்தேன். விடிந்ததும் அவர் வருவதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு மலை இறங்கினேன். பிறகு அந்த டென்ட்டைப் பற்றி நண்பர்களிடம் புகழ்ந்து பேசினேன். அந்த இடத்தின் படத்தை அனுப்பினேன். ஒருவருக்கு வழியும் சொன்னேன். நடந்தது இதுதான். எழுத எழுத மனம் சமாதானம் தேடிக் குறைத்துச் சொல்லப் பார்க்கும் என்பதால் முதலிலேயே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் சேந்தமங்கலத்துக்காரன். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்த ஒருவர் இதைச் செய்திருந்தால், தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்லலாம். எனக்கு அந்தச் சாக்கு கிடையாது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மலை தெரியும். அங்கிருந்து இறங்கும் பலாவையும் அன்னாசியையும் மலைவாழைப்பழத்தையும் தின்று வளர்ந்தவன் நான். காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி போய், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு, அதைத் தாண்டிச் செம்மேடு. கண்ணை மூடினால் அந்தப் பாதை எனக்குள் ஓடும். சாமையை எப்போது விதைக்கிறார்கள், எப்போது அறுக்கிறார்கள் என்பதும் தெரியும்.

எல்லாம் ஒரு டென்ட் வாங்கியதில் ஆரம்பித்தது. நான் தனியாக பைக்கில் போய் வெளியில் தங்குகிறவன். ஐம்பது வயதைத் தாண்டியதும் முதுகுத்தண்டில் ஒரு வட்டு பிதுங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். முழங்காலும் முன்பு போல இல்லை. அதுவரை வைத்திருந்தது ஒரு மீட்டர் உயரமுள்ள சின்ன டோம் டென்ட். உள்ளே போக மண்டியிட வேண்டும், வெளியே வரக் கையூன்ற வேண்டும். நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு, ஈரமான ஜாக்கெட்டையும் தடித்த ரைடிங் பேன்ட்டையும் மல்லாந்து படுத்தபடி கழற்றுவது எவ்வளவு வேதனை என்பது முதுகுவலிக்காரர்களுக்குத் தெரியும். ராத்திரியில் சிறுநீர் கழிக்க எழுந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். உள்ளே நிமிர்ந்து நிற்க முடிகிற டென்ட் ஒன்று வேண்டும் என்று நினைத்ததில் தவறில்லை. இன்றைக்கும் அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன்.

தேர்ந்தெடுத்த விதம்தான் தவறு. மாதக்கணக்கில் படித்தேன். வெளிநாட்டில் மோட்டார் சைக்கிள் பயணிகளுக்கென்றே செய்கிற டென்ட்டுகள் இருக்கின்றன. ரெட்வெர்ஸ், லோன் ரைடர் போன்றவை. ஒரு பக்கம் படுக்கும் அறை, இன்னொரு பக்கம் பைக்கையே உள்ளே நிறுத்தும் கூடம், நடுவில் ஆள் நிற்கும் உயரம். 5 கிலோவுக்கு மேல் எடை. இங்கே வரவழைக்க ஆகும் செலவு என் சக்திக்கு மீறியது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற நிற்கும் உயர டென்ட்டுகள் பெரும்பாலும் குடும்பத்துக்குச் செய்தவை, காரில் போகிறவர்களுக்கானவை. அதில் ஒன்றைத்தான் வாங்கினேன். நடுவில் 190 சென்டிமீட்டர் உயரம். சுருட்டினால் 65 சென்டிமீட்டர் நீளம், 9 கிலோ எடை.

வாங்குவதற்கு முன் எதையெல்லாம் அளந்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். துணி எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று பார்த்தேன். 2000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், அந்தத் துணியின் மேல் இரண்டு மீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். தையல்களின் மேல் நாடா ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், ஏனென்றால் மழை முதலில் நுழைவது ஊசித் துளை வழியாகத்தான். கழிகள் அலுமினியமா, ஃபைபர் கிளாஸா என்று பார்த்தேன். ஃபைபர் கிளாஸ் விலை குறைவு, ஆனால் குளிரிலும் காற்றிலும் நெடுக்காகப் பிளந்துவிடும். உள்துணியும் வெளித்துணியும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்தேன். கொல்லிமலை மாதிரி ஈரப்பதம் மிகுந்த இடத்தில் ஒற்றைத் துணி டென்ட்டில் படுத்தால், நாம் விடும் மூச்சே விடிவதற்குள் மேல்கூரையில் நீராகிச் சொட்டும். என் தலை உயரம், படுக்கையின் நீளம், பைக்கின் பின்பக்க ரேக்கின் அகலம் எல்லாம் டேப் வைத்து அளந்தேன். இந்தப் பட்டியலில் நிலம் இல்லை. டென்ட் எந்த நிலத்தில் நிற்கப் போகிறது, அந்த நிலம் யாருடையது என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

யோசிக்க வைக்க ஒருவர் முயன்றார். டென்ட்டின் அடியில் விரிக்க ஒரு தார்ப்பாய் தைக்க நாமக்கல்லுக்குப் போயிருந்தேன். லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல் நாடு முழுக்கப் பெயர் பெற்ற ஊர். பாடி கட்டுகிற பட்டறைகளை ஒட்டியே தார்ப்பாய் தைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சரக்கு நனையாமல் வடக்கே பஞ்சாப் வரைக்கும் போய்ச் சேருவது அவர்கள் அடிக்கும் வளையத்தையும் தைக்கும் ஓரத்தையும் பொறுத்தது. காற்றைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. ஓடுகிற லாரியில் ஒரு முனை அவிழ்ந்தால் தார்ப்பாய் கிழிய எவ்வளவு நேரமாகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். அளவு எடுக்கிறபோது, எனக்குத் தைத்துக் கொடுத்த பெரியவர் என் டென்ட்டை விரித்துக் காட்டச் சொன்னார். சுற்றி வந்து பார்த்தார். கழிகளைக் கையில் எடுத்து வளைத்தார்.

"இதை எங்கீங்க போடப் போறீங்க? மண்ணுலயா, பாறையிலயா?" என்று கேட்டார்.

"எங்க வேணும்னாலும் போடலாங்க" என்றேன்.

"அதெப்படிங்க? இது தானா நிக்கற சாமான் இல்லீங்களே. நாலு பக்கமும் கயிறு இழுத்து முளை அடிச்சாத்தான் நிக்கும். மண்ணு இருந்தாத்தான் முளை இறங்கும். உயரம் ஏற ஏறக் காத்து தள்ளுமுங்க. நல்லா அகலமா, சமமா இடம் வேணுமே, மலையில அப்படி இடம் ஏதுங்க?"

நான் சிரித்துவிட்டு வளையம் எத்தனை வைப்பீர்கள் என்று கேட்டேன். அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. தன் வேலையைப் பார்த்தார். தார்ப்பாயை மிக நன்றாகத் தைத்துக் கொடுத்தார். இன்றும் அதைத்தான் விரிக்கிறேன்.

அவர் கேட்ட கேள்வியில் எல்லாம் இருந்தது. டென்ட்டுகளில் இரண்டு வகை. கழிகளைக் குறுக்காகச் செருகினால் தானே எழுந்து நிற்பவை ஒன்று. முளை அடித்துக் கயிறு இழுத்தால் மட்டுமே நிற்பவை இன்னொன்று. முதல் வகையைப் பாறைமேல் வைக்கலாம், சிமென்ட் தரையில் வைக்கலாம், இடம் சரியில்லை என்றால் அப்படியே தூக்கி நகர்த்தலாம். உள்ளே சாமான் இருந்தாலே பாதி நிலைத்துவிடும். என்னுடையது இரண்டாம் வகை. அது நிற்க மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் தரை, கயிறுகளுக்காகச் சுற்றிலும் இன்னொரு மீட்டர். சின்ன டோமுக்கு ஒரு கட்டில் போடும் இடம் போதும். காற்று விஷயமும் அப்படித்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அந்த விசை விழுகிற சுவர் உயரமாக இருந்தால் ஒவ்வொரு முளையும் அதற்குரிய பாரத்தைத் தாங்க வேண்டும்.

ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை அது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கும் சேர்ந்து வருவதால் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் கூட்டம் கொள்ளாது. அந்தச் சமயத்தில்தான் போனேன். அறை கிடைக்காது என்று தெரியும். டென்ட் இருக்கிறதே என்ற தைரியம். 9 கிலோவைப் பின்னால் கட்டி, அதன்மேல் படுக்கையும் பாத்திரமும் ஏற்றி வளைவுகளில் ஏறும்போதே வண்டியின் முன்சக்கரம் லேசாகிக் கைப்பிடி ஆடியது. பின் அச்சுக்கும் பின்னால் பாரம் ஏறினால் அப்படித்தான் ஆகும். அன்று ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறியதில் முழங்கால் இரண்டும் கெஞ்சிக்கொண்டிருந்தன. மாலையில் மழை பிடித்துக்கொண்டது.

ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் என் மூட்டையைப் பார்த்துவிட்டுத் தானாகவே, "கடைக்குப் பின்னாடி பலாமரத்தடியில போட்டுக்கங்க, ராத்திரி நானும் கடையிலதான் படுப்பேன்" என்றார். போய்ப் பார்த்தேன். சுவருக்கும் மரத்துக்கும் நடுவே பழைய டென்ட் தாராளமாக அடங்கும் இடம். என் புது டென்ட் அடங்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டென்ட் அடங்கவில்லை என்பது பாதி உண்மைதான். மீதி, இவ்வளவு செலவழித்து வாங்கியதைக் கடையின் பின்புறம் அடிக்க மனம் வரவில்லை. மலை விளிம்பில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அது நிற்க வேண்டும், காலையில் படம் எடுக்க வேண்டும் என்று இருந்தது.

காட்டுக்குள் அடிக்கக் கூடாது என்பதில் நான் மிகக் கவனமாக இருந்தேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேற்றம் போனவர்கள் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கென்று அரசு விதிகள் கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் தங்கினால் வழக்கு வரும். ஆகவே வனத்துறையின் எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வண்டி ஓட்டினேன். வனத்துறையைக் கண்டு பயந்தேன். ஒரு விவசாயியின் நிலத்தைக் கண்டு எனக்கு எந்தப் பயமும் வரவில்லை. என் குணத்தில் இவ்வளவு நாள் எனக்கே தெரியாமல் இருந்த அழுக்கு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். தண்டனை உள்ள இடத்தில் ஒழுங்காகவும், கேட்பாரில்லாத இடத்தில் இஷ்டம் போலவும் நடந்திருக்கிறேன்.

கொல்லிமலையில் சமதரை என்று ஒன்று கண்ணில் பட்டால் அதை யாரோ சமப்படுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பள்ளத்தில் நெல் வயல், மேட்டில் கொல்லை, இல்லையென்றால் களம் அல்லது கோயில் திடல். அந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கல் பொறுக்கி, வரப்புக் கட்டி, மண்ணை நிறுத்தி வைத்த தரை. இருட்டுகிற நேரத்தில் டார்ச்சை அடித்து நான் கண்டுபிடித்த 'அருமையான இடம்' அப்படிப்பட்ட ஒரு மேட்டுக்கொல்லையின் தலைமாடு. வேலி இல்லை. தரையில் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. டார்ச்சைக் குனிந்து பிடித்தேன். சாமை. நடுநடுவே ஆமணக்குச் செடி. புல்லுக்கு நடுவே யாரும் ஆமணக்கு விதைப்பதில்லை. அது எனக்குத் தெரிந்தது. மழை வலுத்துக்கொண்டிருந்தது, முதுகு வலித்தது. புல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியை உள்ளே ஏற்றினேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. அங்கே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் போகவில்லை.

ராத்திரி காற்று எழுந்தது. நிற்கும் உயரச் சுவரில் அது மோதுகிற ஒவ்வொரு முறையும் முளைகள் இளகின. உழுத மண், மழையில் ஊறியது, எப்படிப் பிடிக்கும்? வெளியே போய்க் கயிறுகளின்மேல் வைக்கக் கல் தேடினேன். கொல்லையின் கீழ்ப்பக்கக் கல்வரப்பில் கற்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்துவந்து வைத்தேன். சரிவான நிலத்தில் அந்தக் கல்வரப்பு என்ன வேலை செய்கிறது என்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேலிருந்து ஓடிவரும் மழைநீரை மெதுவாக்கி, மண்ணை நிறுத்தி, நீரை மட்டும் விடுவது அது. ஒரு இடத்தில் கல் விலகினால் தண்ணீர் முழுக்க அந்த வாயை நோக்கி ஓடும், வாய் பெரிதாகும், மண் போகும். விடிந்து பார்த்தபோது அப்படியே ஆகியிருந்தது. நான் கல் எடுத்த இடத்தில் ஓடை மாதிரி ஒரு கீறல், அதன் வழியாகச் செம்மண் கீழ்க்கொல்லைக்கு இறங்கியிருந்தது.

டென்ட்டைச் சுருட்டியபோது அடியில் இருந்த பயிர் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கிடந்தது. சக்கரத் தடத்தில் முழங்கை ஆழத்துக்குச் சேறு. சைட் ஸ்டாண்ட் புதைந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால் அதை நிமிர்த்த இழுத்ததில் இன்னும் கொஞ்சம் பயிர் போயிற்று. அதற்கு முன்பே படம் எடுத்துவிட்டிருந்தேன். பனி விலகும் பள்ளத்தாக்கு, கம்பீரமாக டென்ட், பக்கத்தில் பைக். பயிர் தெரியாதபடி கேமராவைத் தாழ்த்தாமல் உயர்த்திப் பிடித்தேன். தெரிந்துதான் செய்தேன்.

அப்போதுதான் அந்த மூதாட்டி வந்தார். சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, கையில் களைக்கொட்டோடு, கொல்லையின் அந்தக் கோடியில். என்னைப் பார்த்ததும் நின்றார். பிறகு கையை உயர்த்தி ஏதோ கேட்டார். "ஏப்பா..." என்பது மட்டும் காதில் விழுந்தது. நான் கேட்காதவன் போல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். எழுபது வளைவும் இறங்கும் வரை எங்கும் நிற்கவில்லை.

சாமை அங்கே வெறும் பயிர் அல்ல. ஒரு காலத்தில் கொல்லிமலையின் மேட்டுநிலம் முழுக்கச் சாமையும் தினையும் கேழ்வரகும்தான். குச்சிக் கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளி வந்து, சேலம், நாமக்கல் பகுதிகளின் சேகோ ஆலைகள் அதை வாங்கத் தொடங்கியபின், கைக்குக் காசு வரும் பயிர் அதுவென்று நிலங்கள் மாறின. சாமை சுருங்கியது. அப்படியும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று வகை வகையாக விதையை விடாமல் வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள்தான். இந்த விதைகளைக் காப்பதற்காக எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அந்த மலையில் வேலை செய்துவருகிறது. உமி நீக்க இயந்திரம் வந்ததால், பெண்கள் உரலில் இடிக்கும் பாடு குறைந்து, கொஞ்சம் பேர் மறுபடி சாமைக்குத் திரும்பியிருக்கிறார்கள். அந்த விதையைப் பற்றிச் சேந்தமங்கலத்தில் ஒரு கூட்டத்தில் நானே பேசியிருக்கிறேன். பேசியவனின் சக்கரம்தான் அதன்மேல் ஏறியது.

ஊருக்கு வந்ததும் நான் அமைதியாக இருந்திருந்தால்கூட ஒரு அளவோடு போயிருக்கும். படத்தைப் பார்த்து எல்லோரும் கேட்டார்கள். நிமிர்ந்து நிற்கலாம், முதுகு வலிக்காது, காற்றில் அசையவில்லை என்றேன். அசையாமல் நின்றது யாருடைய கல்லால் என்று சொல்லவில்லை. நாமக்கல் நண்பர் ஒருவர் என் பேச்சை நம்பி அதே டென்ட்டை வாங்கினார். அவருக்கும் இடுப்பில் கோளாறு. எங்கே அடித்தீர்கள் என்று கேட்டார். வழி சொன்னேன். அந்த நேரத்திலாவது வாயைத் திறந்து, அது ஒருவருடைய கொல்லை, போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் படம் பொய்யாகிவிடும்.

புரட்டாசியில் அவர் போய்விட்டு வந்து, "நீங்க சொன்ன இடத்துல முள்ளு வேலி போட்டிருக்காங்க, உள்ள போக முடியல" என்றார். வேறெங்கோ அறை எடுத்துத் தங்கினாராம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. வேலி இல்லாமலே இவ்வளவு காலம் இருந்த ஒரு கொல்லைக்கு முள் வெட்டி, சுமந்து, வேலி கட்ட வைத்தவன் நான்.

கார்த்திகையில், அறுவடை நேரத்தில் போனேன். டென்ட் எடுத்துப் போகவில்லை. அன்று விளக்கு எரிந்த வீட்டின் வாசலில் மூங்கிலில் பின்னிச் சாணம் மெழுகிய தானியத் தொம்பை காய்ந்துகொண்டிருந்தது. அந்த மூதாட்டி சாமைக் கதிரைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆடி மாதம் உங்கள் கொல்லையில் வண்டியோடு இருந்தவன் நான்தான் அம்மா, வரப்புக் கல்லை எடுத்ததும் நான்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டிருந்தா களத்துல போடச் சொல்லியிருப்பேனே" என்றார்.

களம் என்று அவர் காட்டியது வீட்டுக்குப் பக்கத்தில், கொல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பரந்த பாறை. மழை விழுந்தவுடனே வடிந்துவிடும். ஆடியில் அறுப்பு இல்லாததால் வெறுமையாகக் கிடக்கும். அன்றிரவு முழுக்க அது சும்மா கிடந்திருக்கிறது. பார்த்துக்கொண்டு நின்றபோது நாமக்கல் பெரியவர் கேட்டது நினைவுக்கு வந்தது. அன்று நான் கதவைத் தட்டியிருந்து, இந்த அம்மாவும் மனமுவந்து களத்தைக் காட்டியிருந்தாலும், என் டென்ட் அதன்மேல் நின்றிருக்காது. பாறையில் முளை இறங்காது. அந்த மலையில் மனிதர்கள் கொடுக்கக்கூடிய இடம் எதிலும் நிற்க முடியாத ஒன்றைத் தேடித் தேடி வாங்கியிருக்கிறேன்.

பணம் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். பயிருக்கும் வேலிக்கும் என்றேன். முள் வெட்ட ஆள் வைத்த கூலியை மட்டும் சொல்லி, அதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். வரப்பை அவர் மகன் எப்போதோ சரிசெய்துவிட்டிருந்தார். எனக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. பரவாயில்லை என்று அந்த அம்மா சொல்லவில்லை. அதை எதிர்பார்த்துத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்பது, அவர் சொல்லாமல் கதிரைப் பிரிக்கத் திரும்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நண்பரிடம் அன்று மாலையே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டார், நியாயம்தான். "உங்களை நம்பி நானும் அந்த வேலையைச் செய்திருப்பேனே" என்றார்.

மலைக்கு டென்ட் தேடுகிறவர்களுக்கு, குறிப்பாக என்னைப் போல முதுகும் முழங்காலும் ஒத்துழைக்காதவர்களுக்கு, இவ்வளவும் நடந்தபின் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். தானே நிற்கும் வகை டோம் வாங்குங்கள். உயரம் 110, 120 சென்டிமீட்டர் இருந்தால் உட்கார்ந்து தலை இடிக்காது. முன்பக்கம் திண்ணை மாதிரி ஒரு முகப்பு இருக்கட்டும். ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துப் போங்கள். முகப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பூட்ஸ் கழற்றலாம், பேன்ட் மாற்றலாம், எழும்போது அதைப் பிடித்து எழலாம். முதுகுவலிக்கு நிமிர்ந்து நிற்பதைவிட மண்டியிடாமல் இருப்பதுதான் முக்கியம் என்று என் உடம்பு சொல்கிறது. மழையில் நின்று உடை மாற்ற வேண்டுமென்றால் ஒரு லேசான தார்ப்பாயின் ஒரு முனையை பைக்கின் கைப்பிடியிலும் இன்னொன்றை மரத்திலும் கட்டுங்கள், அரை கிலோ எடைதான். அந்த டோம் பலாமரத்தடியில் அடங்கும், பாறைக்களத்தில் நிற்கும், பள்ளிக்கூட வராந்தாவில்கூட நிற்கும். யாராவது இரக்கப்பட்டு எந்த மூலையைக் காட்டினாலும் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ள முடியும். இடுப்பு அறுவை சிகிச்சை ஆனவர்கள், குனியவே முடியாதவர்கள் நிற்கும் டென்ட்டுதான் வாங்க வேண்டும் என்றால் வாங்குங்கள். ஆனால் அதற்கென்று தரை ஒதுக்கியிருக்கும் இடங்களுக்கு முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். அது முடியாதென்றால் செம்மேட்டில் அறை எடுங்கள். விழா நாட்களைத் தவிர்த்தால் கிடைக்கும்.

டெட் சைமன் என்ற ஆங்கிலேயர் 1973-இலிருந்து 1977 வரை ஒரு 500 சிசி டிரையம்ப் வண்டியில் தனியாக உலகத்தைச் சுற்றினார். அவர் எழுதிய 'ஜூபிடர்ஸ் டிராவல்ஸ்' புத்தகம் பல பயணிகளுக்கு வேதம். நான் அதை டென்ட் வாங்குவதற்கு முன்பே படித்திருந்தேன். வழியில் பல இடங்களில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசி, அவர்கள் கொடுத்த இடத்தில் அவர் தங்கியிருக்கிறார். படித்தும் எனக்கு ஏறவில்லை.

என் படத்தைப் பார்த்து அந்த டென்ட்டை வாங்கியவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம். டென்ட்டில் குறை இல்லை, காசுக்குத் தக்க சாமான்தான். படத்தில் இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு மட்டும் யாரும் போக வேண்டாம். அது ஒரு குடும்பம் அடுத்த ஆண்டுக்கான சாமை விதை எடுக்கும் கொல்லை.